கோஎஃபிஷியன்ட்: கெழுவா, குணகமா, தரப்புள்ளியா?

ஐரோப்பியக் கழகக் கால்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம், ஜூலை, ஆகஸ்டில் தகுதிச் சுற்றுகள் நடக்கும்போது அடிக்கடி அடிபடும் சொல் 'கோஎஃபிஷியன்ட்'. எந்த நாட்டுக்கு எத்தனை இடம், எந்தக் கழகம் எந்தச் சுற்றில் நுழையும், குலுக்கலில் யார் யாரோடு மோதலாம் என்பதையெல்லாம் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா, ஆட்ட முடிவுகளிலிருந்து கணக்கிடும் இந்த எண்ணை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

இலத்தீன் மூலத்தில் இதற்கு 'உடன்சேர்ந்து விளைவிப்பது' என்று பொருள். 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பிரான்சுவா வியேத் இதை இயற்கணிதத்தில் புழங்கவிட்டார். மாறியோடு ஒட்டி நின்று அதைப் பெருக்கும் எண்ணைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'கெழு' என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'குணகம்' என்கின்றன. இயற்பியல் என்றால் தமிழ்நாட்டிலும் 'உராய்வுக் குணகம்'தான். கெழு என்றால் பொருந்துதல். 'குன்று கெழு நாடன்' என்ற சங்கத் தொடரில் இருப்பதும் அதே சொல். குணகம், பெருக்குவது எனப் பொருள்படும் வடசொல்.

இரண்டும் கணிதத்துக்கு நல்ல சொற்கள். ஆனால் யூஃபாவின் எண் எதையும் பெருக்குவதில்லை. அது கூட்டி, வகுத்து, மறுபடி கூட்டிய ஒரு மதிப்பெண். 'தகுதிப்புள்ளி' என்று எழுதினால் தகுதிச் சுற்றில் எடுத்த புள்ளியோ என்ற குழப்பம் வரும். 'தரப்புள்ளி' என்பதே பொருந்துகிறது. தரப்புள்ளியால் தரவரிசை, தரவரிசையால் குலுக்கலில் 'தரநிலை பெற்ற அணி' (seeded), 'தரநிலை பெறாத அணி' (unseeded) என்று சொற்களும் ஒரே குடும்பமாக அமைகின்றன.

தரப்புள்ளி என்று பொதுவாகச் சொன்னால் போதாது. நாட்டுத் தரப்புள்ளி வேறு, கழகத் தரப்புள்ளி வேறு. செய்திகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பரோயே தீவுகளின் க்ளாக்ஸ்விக் கழகம் 2023-24 பருவத்தில் ஆடியதைக் கணக்குப் போட்டால் வேறுபாடு விளங்கும்.

சுமார் 5,000 பேர் வாழும் ஊரின் கழகம் அது. சாம்பியன்ஸ் லீக் முதல் தகுதிச் சுற்றில் ஹங்கேரியின் ஃபெரென்ச்வாரோஷுடன் சொந்த மண்ணில் 0-0. பிறகு புடாபெஸ்ட் போய் 3-0 வெற்றி. அந்தத் தோல்வியோடு ஃபெரென்ச்வாரோஷ் பயிற்சியாளர் செர்செசோவின் வேலையும் போயிற்று. அடுத்து சுவீடனின் ஹேக்கனோடு 0-0, 3-3, பெனால்டியில் வெற்றி. நார்வேயின் மோல்டெவை 2-1 என வென்று, மறு ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் 0-2 எனத் தோற்றது. தோற்ற அணி அடுத்த நிலைப் போட்டிக்கு இறங்கும் என்பதால், யூரோப்பா லீக்கின் கடைசித் தகுதிக் கட்டமான பிளே-ஆஃபில் மால்டோவாவின் ஷெரிஃபிடம் 1-1, 1-2. மறுபடி ஒரு நிலை இறங்கி, கான்ஃபரன்ஸ் லீக் குழுச் சுற்றில் ஒலிம்பியா லூப்லியானாவை 3-0 என வென்றது. பிரான்சின் லீல் அணியோடு 0-0. மீதி நான்கும் தோல்வி. பரோயே கழகம் ஒன்று குழுச் சுற்றுக்கு வந்தது அதுவே முதல் முறை.

நாட்டுக் கணக்கில் முதன்மைச் சுற்று, அதாவது குழுச் சுற்று முதலான ஆட்டங்களில், வெற்றிக்கு 2, சமநிலைக்கு 1. தகுதிச் சுற்றிலும் பிளே-ஆஃபிலும் அதில் பாதி. பெனால்டி உதைகளுக்குப் புள்ளி கிடையாது; ஹேக்கனைத் தாண்டியும் அந்த இரண்டு ஆட்டங்களுக்கு அரை அரைதான். ஆக ஃபெரென்ச்வாரோஷ் 1.5, ஹேக்கன் 1, மோல்டெ 1, ஷெரிஃப் 0.5: மொத்தம் 4. குழுச் சுற்றில் 3. சேர்த்தால் 7.

அந்த 7 முழுதாக நாட்டுக்குப் போகாது. அந்தப் பருவத்தில் பரோயேயிலிருந்து நுழைந்த கழகங்கள் நான்கு. எல்லாருடைய புள்ளிகளையும் கூட்டி நான்கால் வகுக்க வேண்டும். எனவே க்ளாக்ஸ்விக்கின் பங்கு 1.75. முதல் சுற்றிலேயே வெளியேறும் கழகமும் வகுக்கும் எண்ணில் ஒன்றைக் கூட்டிவிடும். சிறிய நாடுகளுக்கு வலிக்கும் இடம் இதுதான். வகுத்த விடையை மூன்று தசமத்தோடு வெட்டிவிடுவார்கள், முழுமையாக்க மாட்டார்கள்: 8ஐ 3ஆல் வகுத்தால் 2.666, 2.667 அல்ல. கடைசி ஐந்து பருவங்களின் கூட்டுத்தொகையே நாட்டுத் தரப்புள்ளி.

கழகக் கணக்கில் வகுத்தல் இல்லை. ஆனால் தகுதிச் சுற்று வெற்றிகளுக்கு மதிப்பும் இல்லை. அங்கேயே வெளியேறினால், கான்ஃபரன்ஸ் லீக்கின் எந்தச் சுற்றில் வெளியேறியது என்பதைப் பொறுத்து 1 முதல் 2.5 வரை நிலையான புள்ளி. க்ளாக்ஸ்விக்குக்கு அந்த ஆண்டு கிடைத்தது குழுச் சுற்றின் 3 மட்டுமே. அதே ஆட்டங்கள்தான், நாட்டுக் கணக்கில் 7, கழகக் கணக்கில் 3.

ஐந்தாண்டுக் கழகக் கூட்டுத்தொகை நாட்டுத் தரப்புள்ளியில் 20 விழுக்காட்டைவிடக் குறைந்தால், அந்த 20 விழுக்காடே கழகத்தின் எண். நாட்டுக்கு 90 இருந்தால் ஐரோப்பாவில் ஒரு ஆட்டமும் ஆடாத கழகம்கூட 18உடன் நுழையும். நாட்டுக்கு 7 இருந்தால் 1.4. பெரிய நாட்டின் ஏழாவது அணி தரநிலை பெற்றதாகவும், சிறிய நாட்டின் சாம்பியன் தரநிலை பெறாததாகவும் குலுக்கலுக்கு வருவதற்கு இந்த விதியும் ஒரு காரணம். இதை நியாயம் என்று சொல்வது கடினம்.

2024-25இல் குழுச் சுற்று போய் லீக் சுற்று வந்ததும், ஆட்ட முடிவுக்கு மேல் தரப்படும் ஊக்கப் புள்ளிகளின் பட்டியல் மாறியது. வெற்றிக்கு 2, சமநிலைக்கு 1 என்ற அடிப்படை மாறவில்லை.

எழுதும்போது ஆண்டையும் கவனிக்க வேண்டும். கழகத் தரப்புள்ளி அடுத்த பருவக் குலுக்கலிலேயே பயன்படும். நாட்டுத் தரப்புள்ளி ஒரு பருவம் தள்ளித்தான் வேலை செய்யும்: 2023-24 முடிவில் இருந்த நாட்டு வரிசை 2025-26க்கான இடங்களைத் தீர்மானித்தது. ஒரே பருவப் புள்ளியில் முதல் இரண்டு நாடுகளுக்கு அடுத்த பருவமே கிடைக்கும் கூடுதல் சாம்பியன்ஸ் லீக் இடம் மட்டும் விதிவிலக்கு. அதைத் தவிர, 'இந்த வெற்றியால் அடுத்த ஆண்டே கூடுதல் இடம்' என்று வரும் தலைப்புகள் இந்த ஓராண்டைத் தவறவிட்டவை.