கொடுப்பவரின் கணக்கு எங்கே தப்புகிறது?

சிகாகோவின் மேகி டேலி பூங்காவில் ஒரு பனிச்சறுக்குத் தளம் இருக்கிறது. குளிர்கால வாரக்கடைசியில் அங்கே வந்தவர்களில் 84 பேருக்கு ஆளுக்கொரு கோப்பை ஹாட் சாக்லேட் தருவதாகச் சொன்னார்கள். அதை அவர்களே குடிக்கலாம், அல்லது பூங்காவில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். 75 பேர் கொடுத்துவிட்டார்கள். இதை நடத்தியவர்கள் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள்.

கொடுக்க மனம் வந்ததே நல்ல செய்திதான். ஆனால் ஆய்வாளர்கள் தேடியது வேறு. கொடுத்தவரிடம், "வாங்கியவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்?" என்று கேட்டார்கள். வாங்கியவரிடம் அவருடைய மனநிலையையே கேட்டார்கள். வழக்கத்தைவிட மிக மோசம் என்றால் மைனஸ் 5, மிக நன்றாக இருக்கிறது என்றால் பிளஸ் 5. கொடுத்தவர்கள் ஊகித்தது சராசரியாக 2.7. வாங்கியவர்கள் சொன்னது 3.5.

சரி, குளிரில் சூடாக ஏதாவது கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? சந்தோஷம் பானத்தால் வந்ததா, அன்பால் வந்ததா? இதைப் பிரித்துப் பார்க்க, அதே பூங்காவில் கப்கேக்கை வைத்து இன்னொரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு ஆய்வில் கலந்துகொண்டதற்காகவே கப்கேக் கிடைத்தது. வேறு சிலருக்கு அதே கப்கேக், "உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஒருவர் விட்டுக்கொடுத்தார்" என்ற சேதியோடு கிடைத்தது. கப்கேக்கில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனாலும் இரண்டாவது வகையினர் முதல் வகையினரைவிட அதிகம் மகிழ்ந்தார்கள். கப்கேக் வாங்காத மற்றவர்களை ஊகிக்கச் சொன்னபோதோ, எப்படிக் கிடைத்தாலும் சந்தோஷம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைத்தார்கள். அன்பினால் கூடிய அந்தப் பங்கு அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான்.

ஏன் வரவில்லை? கொடுக்கும்போது நம் கவனமெல்லாம் கொடுக்கும் பொருளின் மேல் இருக்கிறது. இது போதுமா, சரியாகத்தான் செய்கிறோமா, இதெல்லாம் ஒரு உதவியா என்று மனம் எடை போட்டுக்கொண்டே இருக்கிறது. வாங்குகிறவர் பார்ப்பது எதிரே நிற்கும் மனிதரின் எண்ணத்தை. எந்தக் கட்டாயமும் இல்லாமல் ஒருவர் தன்னை நினைத்தாரே என்பதுதான் அவரைத் தொடுகிறது. கொடுப்பவர் திறமையை அளக்கிறார், வாங்குபவர் கனிவை அளக்கிறார். இருவர் கையிலும் வேறு வேறு தராசு.

பாராட்டும் இப்படித்தான். எரிகா பூத்பி, வனெசா போன்ஸ் என்ற ஆய்வாளர்கள், தங்கள் ஆய்வில் கலந்துகொண்டவர்களை முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் அவரிடம் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னார்கள். போகும் முன் பெரும்பாலானோர் கேட்பவரின் மகிழ்ச்சியைக் குறைத்தும், அவருக்கு ஏற்படும் எரிச்சலைக் கூட்டியும் மதிப்பிட்டார்கள். சொல்ல வாயெடுத்துவிட்டு "எதற்கு வம்பு" என்று நகர்ந்துவிடுகிறோமே, அந்தத் தயக்கத்தின் வேர் இந்தத் தப்பான மதிப்பீடுதான்.

உதவி கேட்பவரும் இதே மாதிரி குறைத்துத்தான் மதிப்பிடுகிறார். 2008-ல் பிரான்சிஸ் ஃபிளினும் வனெசா போன்ஸும் வெளியிட்ட ஆய்வில், வினாத்தாள் நிரப்பித் தர ஐந்து பேர் சம்மதிக்க வேண்டுமானால் சுமார் இருபது பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று கேட்கப் போனவர்கள் நினைத்தார்கள். சுமார் பத்துப் பேரிடம் கேட்டதிலேயே வேலை முடிந்தது.

எல்லாப் பழியையும் தப்புக் கணக்கின் மேல் போட்டுவிடவும் முடியாது. 1973-ல் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் வெளியிட்ட சோதனையில், இறையியல் மாணவர்கள் உரையாற்றப் போகும் வழியில் ஒருவர் இருமியபடி சரிந்து கிடந்தார். நேரம் இருப்பதாக நினைத்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று சொல்லி விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். கெட்ட மனம் என்று நாம் முத்திரை குத்துவதில் பாதி வெறும் அவசரமாக இருக்கலாம்.

அப்புறம், அன்பு தொற்றிக்கொள்ளுமா? 1972-ல் ஒரு பிரபலமான சோதனையின் முடிவு வெளிவந்தது. பொதுத் தொலைபேசியில் யாரோ விட்டுப்போன நாணயத்தைக் கண்டெடுத்த 16 பேரில் 14 பேர், எதிரே ஒருவர் தவறவிட்ட தாள்களைப் பொறுக்கித் தந்தார்கள். நாணயம் கிடைக்காத 25 பேரில் ஒரே ஒருவர். பிரமாதமான எண்கள், ஆனால் பின்னால் வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. அதனால் அதை நான் நம்பி எடுத்துக்கொள்வதில்லை. குமாரும் எப்லியும் ஆய்வகத்தில் செய்தது இன்னும் கவனமான சோதனை. ஒருவருடைய கனிவால் சிறு பரிசு பெற்றவர்கள், பிறகு நடந்த பணம் பகிரும் விளையாட்டில், தங்களுக்குப் பரிசு தந்தவர் அல்லாத ஒரு முகம் தெரியாதவருக்கு, சாதாரணமாகப் பரிசு பெற்றவர்களைவிடக் கூடுதலாகப் பங்கு கொடுத்தார்கள். முதலில் பரிசைக் கொடுத்தவர்கள், தங்கள் செய்கை இப்படி மூன்றாவது ஆள்வரை போகும் என்பதைச் சரியாக எதிர்பார்த்திருக்கவில்லை.