பயனர் தட்டச்சிடும்போதே பின்னணியில் கோப்பைச் சேமிப்பது எப்படி?

பைத்தான் கற்கத் தொடங்கிய ஒருவர், வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் சிறிய நிரல் ஒன்றை உருவாக்குகிறார் எனக் கொள்வோம். செலவின் பெயரையும் தொகையையும் 'இன்புட்' வழியாகக் கேட்டு வாங்கிப் பட்டியலில் சேர்ப்பது அதன் வேலை. மின்சாரம் போனாலும் கணக்கு அழியாதிருக்க, 10 நொடிக்கு ஒருமுறை பட்டியல் தானாகவே கோப்பில் சேமிக்கப்பட வேண்டும் என்று அவர் விரும்புகிறார். ஆனால் இன்புட்டுக்கு அடுத்த வரியில் சேமிப்புக் கட்டளையை எழுதினால், பயனர் என்டர் விசையை அழுத்தும்வரை நிரல் அந்த வரிக்கு வருவதே இல்லை.

இன்புட் அழைக்கப்பட்டதும் நிரல் இயங்குதளத்திடம் ஒரு வரியைக் கேட்கிறது. வரி இன்னும் தயாராகாததால், இயங்குதளம் நிரலை உறங்கவைத்துவிட்டுச் செயலியை மற்ற வேலைகளுக்குக் கொடுக்கிறது. தட்டப்படும் எழுத்துகள் வழக்கமாக டெர்மினலின் தற்காலிக நினைவகத்தில் சேர்ந்து, என்டர் அழுத்திய பிறகே முழு வரியாக நிரலிடம் வந்து சேர்கின்றன. அதுவரை உறங்கும் நிரலால் கடிகாரத்தைப் பார்க்க முடியாது.

ஆகவே சேமிப்பு வேலையை இரண்டாவது 'த்ரெட்' (ஒரே நிரலுக்குள் தனித்து ஓடும் கட்டளைத் தொடர்) ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும். முதல் த்ரெட் இன்புட்டில் உறங்கும்போதும் இது தன் பாட்டுக்கு இயங்கும். வழக்கமான பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே கட்டளைகளை நிறைவேற்ற ஒரு பொதுப் பூட்டு உண்டு என்பது உண்மைதான். ஆனால் இன்புட்டுக்காகக் காத்திருக்கும் த்ரெட் அந்தப் பூட்டை விடுவித்துவிட்டே உறங்குவதால், இங்கே அது தடையாவதில்லை.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு த்ரெட்டுகளும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பயனர் 'பால், 30 ரூபாய்' என்று உள்ளிடுகிறார். முதல் த்ரெட் அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டது, மொத்தத் தொகையில் 30 ரூபாயை இன்னும் கூட்டவில்லை. சரியாக அந்த இடைவெளியில் சேமிப்பு நடந்தால், பட்டியலும் மொத்தமும் பொருந்தாத கணக்குதான் கோப்பில் பதிவாகும். ஆயிரம் முறை ஓட்டினாலும் ஒருமுறைகூடத் தென்படாமல் போகக்கூடிய பிழை இது என்பதால், சோதித்துப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. சேர்ப்பதையும் கூட்டுவதையும் ஒரே 'லாக்'குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பெறக்கூடிய பூட்டு) வைத்து, சேமிக்கும் த்ரெட்டும் அதே லாக்கைப் பெற்ற பின்பே பட்டியலைப் படிக்குமாறு எழுத வேண்டும். இன்புட்டை மட்டும் லாக்குக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால், பயனர் யோசிக்கும் நேரம் முழுவதும் சேமிப்பு நின்றுபோகும்.

காலக்கணக்கிலும் கவனம் தேவை. சேமித்துவிட்டு 10 நொடி உறங்குவது என்ற சுழற்சியில், சேமிக்க 50 மில்லிநொடி ஆனால் ஒவ்வொரு சுற்றும் 10.05 நொடியாகிறது, 360 சுற்றுகளில் 18 நொடி பின்தங்கிவிடும். அடுத்த சேமிப்புக்குரிய நேரத்தை முந்தைய இலக்கு நேரத்துடன் 10 நொடி கூட்டிக் கணக்கிட்டு, மீதமுள்ள நேரம் மட்டும் காத்திருந்தால் இந்தத் தாமதம் சேராது. இதற்கு, கணினியின் தேதியையும் நேரத்தையும் யாராவது மாற்றினாலும் பாதிக்கப்படாத 'மோனோடோனிக்' கடிகாரமே ஏற்றது.

நிரலை முடிக்கும் முறையைத்தான் தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். சேமிக்கும் த்ரெட் சாதாரண வகையாக இருந்தால், பயனர் வெளியேறிய பிறகும் நிரல் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும். நிரல் முடிந்ததும் தானும் நிறுத்தப்படும் 'டீமன்' வகையாக இருந்தால், கோப்பைப் பாதி எழுதிய நிலையிலேயே நின்றுவிடக்கூடும். இரண்டையும் தவிர்க்க, வெறும் உறக்கத்துக்குப் பதிலாக 'ஈவென்ட்' பொருளின் 'வெயிட்' செயற்கூற்றைப் பயன்படுத்துவதே நல்லது. அதில் காத்திருக்கும் த்ரெட் குறித்த நேரம் முடிந்தாலும் விழிக்கும், நிறுத்தச் சொல்லும் சைகை வந்தாலும் உடனே விழிக்கும். பயனர் வெளியேற விரும்பியதும் முதல் த்ரெட் அந்தச் சைகையைக் கொடுத்து, 'ஜாயின்' மூலம் மற்றது முடியும்வரை காத்திருந்து, கடைசியாக ஒருமுறை தானே கோப்பைச் சேமித்துவிட்டு நிரலை முடிக்கலாம்.