விழுந்து எழும் ஒரு சொல்

அடிபணிவதைக் குறிக்கும் 'கௌடௌ' என்ற ஆங்கிலச் சொல் நம் 'கைதொழு'விலிருந்து போனதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, அது சீனச் சொல். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் 'கோவ்' என்றால் தட்டு, 'தோவ்' என்றால் தலை. மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி வணங்குவது. பேரரசர் முன்னால் மூன்று முறை மண்டியிட வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை, ஆக ஒன்பது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தொனி. கல், கால் என்று நாம் நீளத்தை வைத்துப் பொருளைப் பிரிக்கிறோம். சீனர்கள் குரலின் ஏற்ற இறக்கத்தாலும் பிரிப்பார்கள். 'தோவ்' என்று கேள்வி கேட்பதுபோல் குரலை ஏற்றினால் தலை. ஏற்றாமல் உயரத்திலேயே இழுத்துப் பிடித்தால் திருடு. 'கோவ்' என்று சட்டென்று இறக்கினால் தட்டு. தணித்து மறுபடி தூக்கினால் வாய். ஆக, சொல்லை முழுதாகச் சொல்லும்போது குரல் விழுந்து எழுகிறது, வணங்குகிறவரின் தலையைப் போலவே! தற்செயல்தான். ஆனாலும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சிலிர்க்கும்.

ஆங்கிலத்துக்குப் போனதும் தொனி உதிர்ந்துவிட்டது. அங்கே குரல் ஏறினால் சொல் மாறாது, நம் 'சரி' போல: இறக்கினால் சம்மதம், ஏற்றினால் கேள்வி. மாண்டரினில் இந்தக் க, த ஒலிகளோடு சேர்ந்து வரும் மூச்சு மட்டும் தங்கியது. உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ஆங்கிலத்தில் சொன்னால் காற்று வந்து மோதும். 'கௌ'வில் உள்ள உயிரொலி மாண்டரினைவிட, தென் சீனாவின் காண்டன் பகுதியில் பேசும் காண்டனீஸுக்கு நெருக்கம். 1757க்குப் பிறகு ஐரோப்பியக் கடல் வணிகம் காண்டன் துறைமுகத்தோடு நின்றிருந்ததால் இது பொருந்தியும் போகிறது.

ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேர் சொல்வதை நாம் விட வேண்டும். சொல்லின் ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் ஒலியியல் ஆய்வுக்கூடங்களுக்கு இன்னும் பணம் ஒதுக்கினால் மாணவர்கள் இதைத் தாங்களே அளந்து பார்ப்பார்கள்.

சரி, மரியாதை எப்படி ஏளனமாயிற்று? 1793இல் பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி, சியான்லாங் பேரரசர் முன் இப்படி வணங்க மறுத்தார். தன் அரசருக்குச் செய்வதுபோல் ஒரு காலை மட்டும் மடித்தார். மறுத்தவர்களின் மொழிக்குள் வந்த சொல், அவர்களுடைய பார்வையையும் சேர்த்தே கொண்டுவந்தது. சீனாவிலோ முன்னோருக்கும் பெற்றோருக்கும் செய்யும் வணக்கத்துக்கும் இதே பெயர்தான். 'காலில் விழுந்தான்' என்பதை நாம் கல்யாண வீட்டிலும் சொல்கிறோம், பதவிக்காக ஒருவன் குழையும்போதும் சொல்கிறோம். ஆங்கிலத்துக்கு இந்த இரண்டாவது மட்டும்தான் போய்ச் சேர்ந்தது.