பவர் பிளே கோலுக்கு மதிப்புக் குறைவா?

"பனி ஹாக்கியில் ஒவெச்கின் அடித்த கோல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பவர் பிளேயில் வந்தவை. எதிரணியில் ஆள் குறையும்போது அடித்ததையெல்லாம் சாதனையில் சேர்க்கலாமா?" சன்வே பிரமிட் பனித்தளத்தில் விளையாடும் பெட்டாலிங் ஜெயா வாசகர் கேட்கிறார். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் கிரெட்ஸ்கி வைத்திருந்த 894 கோல் சாதனையை 2025 ஏப்ரல் 6-இல் ஒவெச்கின் தாண்டிய அந்த 895-ஆவது கோலும் பவர் பிளே கோல்தான். மைதான ஹாக்கியில் பாகிஸ்தானின் சோஹைல் அப்பாஸ் அடித்த 348 கோல்களில் பெரும்பாலானவை பெனால்டி கார்னரில் வந்தவை. அவற்றைக் கழித்துவிட்டா புக்கிட் ஜாலில் ஹாக்கி ரசிகர்கள் அவரை மதிப்பிடுகிறார்கள்?

விதி எளிது. சிறு குற்றம் செய்த ஆட்டக்காரர் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும்; அந்த நேரம்தான் எதிரணிக்குப் பவர் பிளே. அதற்குள் எதிரணி கோல் போட்டால் அவர் உடனே திரும்பலாம். முன்பு அந்தச் சலுகை கிடையாது. 1955-இல் மொன்ட்ரியால் அணியின் பெலிவோ ஒரே பவர் பிளேயில் 44 விநாடிகளில் 3 கோல் போட்டார். அடுத்த பருவத்திலேயே விதி மாறியது.

கோல் காவலர்களைச் சேர்க்காமல் ஐந்துக்கு நான்கு என்பதால் கோல் தானாக வந்துவிடாது. ஐந்து வாய்ப்பில் ஏறத்தாழ ஒன்றுதான் கோலாகிறது. எப்படி என்பதில்தான் சுவாரஸ்யம். தற்காப்பு நால்வரும் வலைக்கு முன்னால் சதுரமாக நிற்பார்கள். வலைக்கு முன்னால் இருபுறமும் பனியில் வட்டங்கள் வரைந்திருக்கும். பக் எனும் ரப்பர் வட்டு வலப்பக்க வட்டத்தின் நடுப்புள்ளியில் இருக்கும்போது கோல் காவலர் அந்தப் பக்கம் திரும்பி நிற்பார். அங்கிருந்து இடப்பக்க வட்டத்தின் நடுப்புள்ளிக்கு 13.4 மீட்டர். விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் சதுரத்தின் ஊடே பாஸ் போனால் அரை விநாடி. அதற்குள் அவர் 1.83 மீட்டர் அகல வலையின் மறுகோடிக்குச் சறுக்கி, நின்று, மீண்டும் நேராக வேண்டும். அங்கிருந்து வலை 9 மீட்டர். விநாடிக்கு 40 மீட்டரில் அடித்தால் 0.22 விநாடி. கண் பார்த்துக் கை அசையவே ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். ஆகவே அவர் பார்த்துத் தடுப்பதில்லை, ஊகித்துத் தடுக்கிறார்.

அடிப்பவர் பக்கை நிறுத்திவிட்டு அடித்தால் இந்த ஆதாயம் போய்விடும். ஒவெச்கின் வலக்கை ஆட்டக்காரர். இடப்பக்கத்தில் நிற்பதால் மட்டையின் முகம் பாஸ் வரும் திசையையே பார்க்கும், நிறுத்தாமல் அடிக்கலாம். பாஸ் ஓர் அடி பின்தங்கினால் பக் மட்டையின் குதிகாலில் பட்டு வெளியே போகும். ஆட்டக் கடைசியில் பனி கரடுமுரடானால் 170 கிராம் பக் விளிம்பில் உருண்டு வரும். அதை அடித்தால் வலைக்கு மேலே பறக்கும். சரி, அவரை ஒட்டியே ஒருவரை நிறுத்தினால்? மீதி நால்வருக்கு மூவர்தான். வலைக்கு முன்னால் இடம் இன்னும் விரியும். எல்லோருக்கும் தெரிந்த அடியை இத்தனை ஆண்டுகள் தடுக்க முடியாமல் போனது இதனால்தான்.

கிரெட்ஸ்கியின் 894-இல் 204 பவர் பிளேயில், 73 தம் அணியில் ஆள் குறைந்தபோது, 617 சம ஆட்களோடு. சம ஆட்களோடு அடித்ததில் அவரே முன்னிலை, மறுக்க முடியாது. ஆனால் அவர் 92 கோல் அடித்த 1981-82-இல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 4 கோல் போட்டது. இப்போது 3-ஐ ஒட்டித்தான்.

ஒவெச்கின் மீது வைக்கத்தக்க நியாயமான குறை வேறு. மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் மாறிக்கொள்ள, அவர் பெரும்பாலும் 2 நிமிடமும் களத்திலேயே நிற்பார். நிமிடம் கூடினால் கோலும் கூடும். எனவே சதவீதத்தை விடுங்கள். பவர் பிளேயில் 60 நிமிடத்துக்கு எத்தனை கோல் என்று கணக்கிட வேண்டும். கிரெட்ஸ்கியோடு அப்படி ஒப்பிடவும் வழியில்லை: களத்தில் நின்ற நேரத்தை லீக் பதிவு செய்யத் தொடங்கியது 1997-98-இல், அவர் ஓய்வு பெற்றது 1999-இல்.

எதையாவது கழித்தே ஆக வேண்டும் என்றால், பின்தங்கிய அணி ஓர் ஆட்டக்காரரைக் கூட்டுவதற்காகக் காவலரை எடுத்துவிட்ட வெற்று வலையில் விழும் கோல்களைக் கழியுங்கள். அதிலும் சாதனை ஒவெச்கினுடையதுதான்.