ஒன்பது டெஸ்ட் போதும், ஆனால் ஒரு வரியைக்கூட நீக்காதீர்கள்

சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருப்பவர்கள் ‘ஆர்த்தோகனல் அரே’ (எந்தெந்தச் சேர்க்கைகளைச் சோதிப்பது என்று காட்டும் அட்டவணை) என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவ் தந்தது என்று சொன்னால், அனுபவசாலிகளே ஆச்சரியப்படுகிறார்கள், எனக்கு அது வருத்தம்தான். அன்றைய சென்னை மாகாணத்து ஹடகலியில் 1920-இல் பிறந்தவர், 2023-இல் 102 வயதில் மறைந்தார். பல காரணிகளைச் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனைகளைக் குறைந்த செலவில் நடத்த அவர் 1947-இல் எழுதிய சேர்மானக் கணக்குதான் இன்று நம் டெஸ்ட் ஷீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு பேமென்ட் ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தளம்: ஆண்ட்ராய்ட், ஐஓஎஸ், வெப். மொழி: தமிழ், இங்கிலீஷ், இந்தி. கட்டும் வழி: யுபிஐ, கார்டு, நெட் பேங்கிங். லாகின்: பாஸ்வேர்டு, ஓடிபி, கைரேகை. எல்லாவற்றையும் கலந்தால் 81 டெஸ்ட். ராவின் அட்டவணையில் 9 வரிகள்தான், ஆனால் எந்த இரண்டு காரணிகளை எடுத்தாலும் அவற்றின் ஒன்பது ஜோடிகளும் சரியாக ஒருமுறை வந்துவிடும். தமிழும் சரி, நெட் பேங்கிங்கும் சரி, இரண்டும் சேர்ந்தால் மட்டும் வங்கிப் பக்கத்திலிருந்து திரும்பும்போது வெற்றுத் திரை வருகிறதே, அந்த மாதிரிப் பிழை இதில் சிக்கும்.

இனிதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வெப்பில் கைரேகை லாகினே கிடையாது என்று வைத்துக்கொள்வோம்; அது வரும் வரியை ‘நடக்காத கேஸ்’ என்று அழித்துவிட்டு மிச்சம் எட்டை ஓட்டுகிறார்கள். ஒரு வரியில் இருப்பது ஆறு ஜோடி! நடக்காதது ஒன்று, மற்ற ஐந்தும் நடக்கக்கூடியவை, அவை வேறெந்த வரியிலும் இல்லை. ரிப்போர்ட்டில் மட்டும் ‘எல்லா ஜோடியும் பார்த்தாச்சு’ என்று இருக்கும்.

நடக்காத சேர்க்கைகள் இருந்தால் கையால் வெட்டாமல், அந்த நிபந்தனைகளையே மைக்ரோசாஃப்ட்டின் ‘பிக்ட்’ (PICT) மாதிரி, டெஸ்ட் சேர்க்கைகளை உருவாக்கித் தரும் இலவசக் கருவியிடம் கொடுத்துவிடுங்கள். வரி ஒன்றிரண்டு கூடலாம், ஜோடி எதுவும் விடுபடாது.

அப்புறம், ஜோடிகளோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மூன்று நான்கு காரணிகள் சேர்ந்தால்தான் வெடிக்கும் பிழைகளும் உண்டு. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் (NIST) ஆய்வாளர்கள் அலசிய பிழைகளில் சில ஆறு காரணிகள் வரை போயிருக்கின்றன. பணம், மருத்துவம் தொடர்பான பகுதிகளுக்கு மும்மூன்றாகவாவது பாருங்கள், பிக்டில் அதற்கு ஓர் எண்ணை மாற்றினால் போதும்.