எஸ்விஎன்லைட் போயாச்சு, உங்கள் கிரானுக்குத் தெரியுமா?

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) பில்ட் செய்து மேம்படுத்துகிறவர்களுக்காக இது. சிங்கப்பூரில் ஊபி, காக்கி புக்கிட் பக்கம் சின்ன நிறுவனங்களில் ஃபயர்வாலாகவோ ஃபைல் சர்வராகவோ வருடக்கணக்கில் ஓடும் பெட்டிகள் உண்டு; அவற்றில் யாரோ எப்போதோ எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று ராத்திரியில் கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) வழியாக எஸ்விஎன்லைட்டை (சப்வெர்ஷன் சர்வரிலிருந்து சோர்ஸை இறக்கும் கருவி) ஓட்டி சோர்ஸைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். கேட்டால், "எர்ரர் எதுவும் வரலையே அண்ணே" என்பார்கள்.

எர்ரர் வராததுதான் சிக்கலே. ஃப்ரீபிஎஸ்டியின் சோர்ஸ் 2020 டிசம்பரில் சப்வெர்ஷன் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியிலிருந்து கிட் என்ற இன்னொன்றுக்கு மாறியது, கூடுதல் மென்பொருள்களின் தொகுப்பான போர்ட்ஸ் 2021 ஏப்ரலில். 13ஆம் பதிப்பின் கிளை சப்வெர்ஷன் பக்கம் வரவே இல்லை. பழைய கிளைகளுக்கு மட்டும் திருத்தங்களை அங்கேயும் நகலெடுத்துப் போட்டார்கள், அதில் 12க்கும் 2023 டிசம்பர் 31இல் ஆதரவு முடிந்தது. அதற்குப் பிறகு உங்கள் ஸ்கிரிப்ட் போய்க் கேட்டால், அந்த சர்வர் பதில் சொல்லும்வரை, புதிதாக எதுவும் இல்லை என்று வரும், லாகில் வெற்றி என்றே பதிவாகும், பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுகூட வந்திருக்காது. நிதி நிறுவனங்களாக இருந்தால் நாணய ஆணையத்தின் சைபர் சுகாதார அறிவிப்பு வேறு இருக்கிறது. ஆடிட்டரிடம் கிரான் லாகைக் காட்டித் தப்பிக்க முடியாது.

14.0இல் எஸ்விஎன்லைட், போர்ட்ஸைப் புதுப்பிக்கும் போர்ட்ஸ்னாப் இரண்டையும் அடிப்படை சிஸ்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆகவே மேம்படுத்துவதற்கு முன்பே, பேக்கேஜ்கள் இன்னும் கிடைக்கும்போதே கிட்டை நிறுவிக்கொள்ளுங்கள். அது பெரிதாகத் தோன்றினால் கிட்அப் என்ற சின்னக் கருவி போதும். அப்புறம் பழைய சோர்ஸ் கோப்பகத்தை வேறு பெயருக்கு மாற்றுங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் கிட் குளோன் செய்ய மறுத்துவிடும். அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள், நீங்களே எழுதிய கெர்னல் கான்ஃபிக் (கெர்னலை பில்ட் செய்வதற்கான அமைப்புக் கோப்பு) பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கும். அதை ரூட்டின் கோப்பகத்துக்கு எடுத்துப்போய் அங்கிருந்து சிம்லிங்க் கொடுத்துவிட்டால் அடுத்த முறை இந்தக் கவலையே இல்லை. அலுவலக சர்வருக்கு ரிலெங் கிளையே (வெளியான பதிப்புக்கு முக்கியத் திருத்தங்கள் மட்டும் வருவது) சரி. மெயின் கிளை என்பது சப்வெர்ஷன் காலத்து ஹெட்தான், அது டெவலப்பர்களுக்கானது.

இடத்தை மிச்சப்படுத்த டெப்த் 1 என்று போட்டு, பழைய வரலாறு இல்லாமல் குளோன் செய்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சிஸ்டத்தின் பதிப்பைச் சொல்லும் யூநேம் கட்டளை காட்டும் வரியில் கமிட் (பதிவான மாற்றங்கள்) எண்ணிக்கை இருக்காது, எந்த பில்ட் ஓடுகிறது என்று பின்னால் தேட வேண்டிவரும். எனக்கு அதில் விருப்பமில்லை.

ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேருங்கள்: கடைசி கமிட் தேதி ரொம்பப் பழையதாக இருந்தால் மெயில் அனுப்பட்டும். ரீபூட்டுக்குப் பிறகு ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் கட்டளையை கே, ஆர், யூ மூன்று ஆப்ஷனோடும் ஓட்டுங்கள். நிறுவிய கெர்னல், ஓடுகிற கெர்னல், யூசர்லேண்ட் (கெர்னலுக்கு வெளியே உள்ள அடிப்படை நிரல்கள்) என்று மூன்று வரி வரும். சோர்ஸிலிருந்து பில்ட் செய்த பெட்டியில் மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

போர்ட்ஸ் மரத்துக்கும் இனி கிட்தான். பேக்கேஜ் மட்டுமே பயன்படுத்தும் பெட்டியில் அந்த மரமே தேவையில்லை, தூக்கிவிடலாம்.