நீங்கள் விளையாடவில்லை என்று யார் சொன்னது, கோச் சார்?

எங்களிடம் தோள் வலியோடு வரும் கோச்சுக்கு வலது கை தோளுக்கு மேலே போகாது. சட்டையை முதலில் அந்தக் கையில் மாட்டிக்கொண்டு பிறகுதான் இடது கை. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். வயது 45 தாண்டியிருக்கும். ஏதோ ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர்; இருபது, இருபத்தைந்து வருடமாக வாலிபால் அணி அவர் பொறுப்பில். தோளுக்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் மாறுவதே இல்லை: “நான் இப்பல்லாம் விளையாடுறதே இல்லைங்க. கோச்சிங் மட்டும்தான்.”

இந்த ‘மட்டும்தான்’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தோள் சிகிச்சைக்கு வரும் கோச்சுகள் தங்களை நோயாளியாகவே நினைப்பதில்லை. காயம் என்றால் அது பையன்களுக்கு வருவது, நமக்கு வந்தால் அது வயசு என்று முடிவு கட்டி, மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட பிறகுதான் வருகிறார்கள்.

தயவுசெய்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அணியில் 12 பேர். மாலையில் டிஃபென்ஸ் டிரில்: நீங்கள் ஓங்கி அடிக்கும் பந்தைப் பையன்கள் கீழே விழாமல் எடுக்க வேண்டும். ஒருவருக்கு 15 பந்து அடித்தால் 180. பிறகு சர்வீஸ் ரிசீவ், அதாவது எதிரணி போடும் சர்வீஸை எடுக்கும் பயிற்சி. பையன்கள் சர்வீஸ் தவறவிட்டால் டிரில் நின்றுவிடுகிறது என்று நீங்களே 100 சர்வீஸ் போடுகிறீர்கள். பிளாக், அதாவது வலைக்கு மேல் கை நீட்டித் தடுப்பது, பழக மேஜை மேல் ஏறி நின்று இன்னொரு 80. மொத்தம் 360. வாரத்துக்கு 5 நாள் என்றால் 1,800. வருடத்தில் 30 வாரம் பயிற்சி நடந்தால் 54,000. இருபத்தைந்து வருடத்துக்கு 13,50,000 பந்துகள். எல்லாம் ஒரே தோளில். உங்கள் அணியின் முதன்மை ஸ்மாஷர், அதாவது எம்பி ஓங்கி அடிப்பவன், ஒரு மணி நேர ஸ்மாஷ் பயிற்சியில் வரிசையில் நின்று 50, 60 பந்து அடித்தால் அதிகம். அவன் 3, 4 வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அடுத்த பேட்ச் வரும். உங்கள் தோள் மட்டும் மாறாது.

எண்ணிக்கையைவிட அடிக்கும் விதம் மோசம். ஸ்மாஷர் ஓடி வந்து எம்பும்போது காலிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து முதுகு என்று விசை ஏறி வருகிறது. தோள் அதைக் கைக்குக் கடத்துகிறது. அடித்ததும் வரிசையின் கடைசிக்குப் போய் அரை நிமிடமாவது நிற்கிறான். கோச் என்ன செய்கிறார்? நின்ற இடத்திலேயே, கால் அசையாமல், எதிரில் நிற்கும் பையனைப் பார்த்து மூன்று விநாடிக்கு ஒரு பந்து. விசை முழுக்கத் தோளிலிருந்து. பந்தின் எடை 260 முதல் 280 கிராம்தானே என்பார்கள். பிரச்சினை பந்தின் எடையில் இல்லை. அடித்து முடித்த கையை ஒவ்வொரு முறையும் பிரேக் போட்டு நிறுத்த வேண்டும். அந்த வேலை தோளைச் சுற்றியிருக்கும் நான்கு சின்னத் தசைகளுடையது, முக்கியமாகப் பின்பக்கத்துத் தசைகளுடையது. களைத்த பிறகும் அவை பிரேக் போட்டுக்கொண்டே இருக்கின்றன. அதோடு, பையன்களை 20 நிமிடம் வார்ம்-அப் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். முதல் பந்தை அடிக்கும்போது உங்கள் தோள் இன்னும் சூடாகவே இல்லை.

இதற்குப் பெயர் விளையாடாமல் இருப்பது அல்ல. அணியிலேயே அதிகம் விளையாடுபவர் நீங்கள்தான்.

அடுத்து அவர்கள் சொல்லும் காரணம் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’, அதாவது தோள் மூட்டு இறுகிப்போவது. சுகர் இருக்கிறது, தோள் வலிக்கிறது, ஆகவே அதுதான் என்று பக்கத்து வீட்டுக்காரரே முடிவு சொல்லிவிடுகிறார். சுகர் உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும் என்பது உண்மை. ஆனால் தோள் வலியெல்லாம் அது இல்லை. வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகைக்கு மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். உங்களாலும் முடியவில்லை, இன்னொருவர் மெல்லப் பிடித்துத் திருப்பினாலும் பூட்டுப் போட்டதுபோல் நிற்கிறது என்றால் மூட்டு உறை இறுகியிருக்க வாய்ப்பு. இன்னொருவர் திருப்பினால் போகிறது, நீங்களாகச் செய்யும்போதுதான் வலிக்கிறது அல்லது பலமில்லை என்றால் சந்தேகம் தசைநாண் மேல், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாண் மேல். பக்கவாட்டில் கை தூக்கும்போது 60 முதல் 120 பாகை வரை மட்டும் சுருக்கென்று வலித்து, அதற்கு மேல் போனால் குறைவதும் அந்தத் தசைநாண்கள் தரும் குறிப்புதான்.

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்து “எலும்பு நல்லாத்தான் இருக்காம்” என்பார்கள். தசைநாண் எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்காக முதல் நாளே எம்ஆர்ஐக்கு ஓட வேண்டாம். 50 வயதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத தோளிலும் ஸ்கேனில் சின்னக் கிழிசல் தெரிவதுண்டு. அறிக்கையில் ‘பகுதிக் கிழிசல்’ என்று படித்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் ஏராளம். கை எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பரிசோதித்துவிட்டுத்தான் ஸ்கேனைப் பார்க்க வேண்டும்.

வாலிபால்காரர்களிடம் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. சட்டையைக் கழற்றிவிட்டு வீட்டில் யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். வலது தோள்பட்டை எலும்பின் மேல் இடதில் இல்லாத ஒரு குழி தெரிகிறதா? தோளுக்குப் பின்னால் போகும் நரம்பு அழுந்தி, அங்குள்ள தசை மெலிந்தால் அப்படி ஆகும். பல நேரம் வலியே இருக்காது. வலி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. குழி தெரிந்தால் எலும்பு மருத்துவரிடமோ நரம்பு மருத்துவரிடமோ காட்டியே ஆக வேண்டும்.

இனி செய்யக் கூடாதவை. எண்ணெய் போட்டு உருவி, கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துச் சுளுக்கு எடுக்காதீர்கள். பாதி கிழிந்த நாண் முழுதாகப் போய்விடக்கூடும். மண்டலப் போட்டி நெருங்குகிறது என்று ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே 200 பந்து அடிக்காதீர்கள். ஊசி வலியைத்தான் அடக்குகிறது, நாணை ஒட்டவைப்பதில்லை. ஊசிக்குப் பின் குறைந்தது இரண்டு வாரம் அந்தக் கையால் பந்தைத் தொடவே வேண்டாம். வலி மாத்திரையை விழுங்கிவிட்டுப் பயிற்சிக்குப் போவதும் இதே தப்புதான். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்குச் சிறுநீரகமும் சேர்ந்து அடிவாங்கும்.

முழு ஓய்வும் மருந்தல்ல. ஆறு வாரம் கையைக் கட்டிப்போட்டுவிட்டு ஜூனில் கல்லூரி திறந்ததும் பழையபடி 360 அடிப்பவர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். நாணுக்கு வேலை கொடுத்துத்தான் பலம் ஏற்ற வேண்டும். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். ரப்பர் பேண்டைக் கம்பத்தில் கட்டி, முழங்கையை மடக்கியபடி முன்கையை வெளியே இழுங்கள். இரண்டு எண்ணும் நேரத்தில் இழுத்து, நான்கு எண்ணும் நேரத்தில் திரும்ப விடுங்கள். பிரேக் போடும் தசைக்கு அந்தத் திரும்ப விடும் பாதிதான் பயிற்சி, அவசரப்படாதீர்கள். 15 தடவை, மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். செய்யும்போது லேசான வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை என்றால் இலகுவான பேண்டுக்கு மாறுங்கள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். பத்தே நாளில் விட்டுவிட்டு “எக்சர்சைஸ் எனக்கு ஒத்துக்கல” என்று சொல்லாதீர்கள்.

கிரவுண்டில் மாற்ற வேண்டியது நிறைய. எல்லாப் பந்தையும் ஓங்கி அடிக்கத் தேவையில்லை. கையின் இடம், காலின் இடம் பழக்கும் டிரில்லுக்கு இரண்டு கையாலும் எறிந்தால் போதும். மேஜைமேல் ஏறி அடிக்கும் வேலையைச் சீனியர் பையன்களுக்கு முறை வைத்துக் கொடுங்கள். மேஜை என்றதும் நினைவு வருகிறது: ஆடும் பெஞ்ச், பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறாதீர்கள், தோளோடு மணிக்கட்டும் போகும். பந்து எடுத்துக் கையில் கொடுக்க ஒருவரை நிறுத்துங்கள். 180 தடவை குனிந்தால் முதுகு அடுத்த புகாராக வரும். பந்தின் காற்றழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பாருங்கள். விதிப்படி 0.30 முதல் 0.325 கிலோ/சதுர செ.மீ. கல்லுப்போல் அடைத்த பந்து உங்கள் கைக்கும் கேடு, ரிசீவ் எடுக்கும் பையனின் முன்கைக்கும் கேடு.

தொண்டையையும் சொல்லிவிட வேண்டும். திறந்த மைதானத்தில் இரண்டு மணி நேரம் கத்திவிட்டு, கம்மிய குரலுக்குப் பனங்கற்கண்டும் மிளகும் சாப்பிடுகிறார்கள். விழுங்கும் எதுவும் குரல்நாண் மேல் படாது. அது மூச்சுக் குழாயின் வாசலில் இருக்கிறது. குரல் போன அன்று கிசுகிசுப்பதும் ஓய்வில்லை. டிரில்லை நிறுத்த விசில், திருத்த வேண்டுமானால் பையனைப் பக்கத்தில் கூப்பிட்டுப் பேச்சு. மூன்று வாரம் தாண்டியும் குரல் கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

50 தாண்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கையை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் தோள் வலி, கூடவே நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது எங்களிடம் வர வேண்டிய வலி இல்லை. உடனே 108.

அமெரிக்காவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் ஆண்கள் வாலிபால் அணிக்கு ஆல் ஸ்கேட்ஸ் 1963 முதல் 2012 வரை கோச்சாக இருந்து 19 தேசியப் பட்டங்கள் வென்றார். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்கு ரஸ் ரோஸ் 1979 முதல் 2021 வரை, 7 பட்டங்கள். அங்கே பெரிய கல்லூரி அணிகளுக்குத் துணை கோச்சுகளும் காயம் பார்க்கத் தனி ஆளும் உண்டு. நம் ஊர்க் கல்லூரிகளில் ஒரே மனிதர் காலையில் தடகளம், மதியம் அலுவலக வேலை, மாலையில் வாலிபால், நடுவில் விளையாட்டு விழா அழைப்பிதழ் என்று ஓடுகிறார். இதைப் படிக்கும் கல்லூரி முதல்வர்கள் யாராவது இருந்தால் கேட்கிறேன்: பழைய மாணவர் ஒருவரை மாலை நேரத்துக்கு உதவிக்கு வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். நல்ல கோச் ஒருவர் ஐம்பத்திரண்டு வயதில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவர் இடத்தை நிரப்ப ஆள் கிடைப்பது சுலபமில்லை.

அந்த அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், சார். இன்று மாலையே அடிபட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் கையில் நோட்டும் பேனாவும் கொடுத்து, நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு பந்தையும் எண்ணச் சொல்லுங்கள். தோள் நன்றாக இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 120. வலி இருப்பவருக்கு ஒன்றுகூட இல்லை, எறிதல் மட்டும். கணக்கு முடிந்ததும் அவனே விசில் ஊதட்டும். அவன் ஊதினால் நீங்கள் நிறுத்த வேண்டும்.